மூன்றாம் நம்பர் பதில்

4ஆம் தேதி, திங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்கும் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். நீ நலமாக இல்லை என்று நீயே எழுதிவிட்ட பிறகு அதைக் கேட்பது வெட்கக்கேடு. என்னைப் பற்றிச் சொல்வதானால் மூட்டுவலி இருக்கிறது, கோபம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னை உட்காரவிடாமல் வைத்திருக்கின்றன.

நீ அனுப்பிய உறை சனிக்கிழமை வந்தது. பிரித்தால் உள்ளே நான் உனக்கு எழுதிய கடிதமே இருந்தது. அடியில் சிவப்புப் பேனாவால் ஒரே வரி: "இது மூணாம் நம்பர், அம்மா." அவ்வளவுதான். கையெழுத்துகூடப் போடவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கை தவறிவிட்டது என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வருஷமாக ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் பெயரில் யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ பதில் எழுதுகிறேன், பழக்கதோஷத்தில் உனக்கும் அதையே எழுதிவிட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது, குழந்தைகளின் கடிதங்களோடு ஒரே தட்டில். 'அன்றைக்கு நான் என்ன உடுத்த வேண்டும் என்று காலையில் அவர் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார், அம்மா. தோடு முதற்கொண்டு. உடுத்திக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கிறார். நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை படித்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையில் பொம்மையின் பதில்களை எழுதும் ஊதாப் பேனா இருந்தது. எழுதினேன். எழுதி முடித்துப் படித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருப்பதாகப் பட்டது. மடித்து, ஒட்டி, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். பெற்றவள் செய்த காரியம் இது.

நான் மறக்கக் கூடாது என்பதற்காக அதை இங்கே இன்னொரு முறை எழுதுகிறேன். 'அன்புத் தோழியே, உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் சில நாள் வானம் மேகமூட்டமாகத்தான் இருக்கும். அன்றைக்கு என்னிடம் உள்ளதிலேயே அழகான உடையை எடுத்து உடுத்திக்கொள்வேன். தலை வாரிக் கண்ணாடி முன் நின்று சிரிப்பேன். மேகம் ஓடிவிடும். நீயும் அப்படியே செய். எல்லாம் சரியாகிவிடும். சிரித்துக்கொண்டே இரு.' தோழியே என்பதை மகளே என்று மாற்றியிருந்தேன். அது ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு. கட்டில்மேல் உடையை எடுத்து வைக்கிறார் என்று அழுகிறவளிடம், அழகான உடையாக எடுத்து உடுத்திக்கொள் என்று சொல்லியிருக்கிறேன் பார்.

உன் அப்பா நம்மை விட்டுப் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொள்வாய். அங்கேயே நாலு நம்பரையும் மனப்பாடம் செய்துவிட்டாய். ஒன்று பிறந்தநாளுக்கு. இரண்டு, பொம்மை உடைந்து போனால். மூன்று, துக்கத்துக்கு. நான்கு, 'சீமாட்டி, உனக்கு எப்போது கல்யாணம்?' என்று கேட்பவர்களுக்கு. பெட்டியில் அச்சடித்திருக்கும் நீளமான பெயரை எங்கள் பிரிவில் யாரும் சொல்வதில்லை, எங்களுக்கு அவள் சீமாட்டிதான். இரண்டாம் நம்பர்தான் உனக்குப் பிடித்தது. கரகரவென்று குரலை மாற்றிக்கொண்டு ஒப்பிப்பாய்: 'உடைந்துவிட்டதே என்று அழாதே. நீயே ஒட்டிப் பார்க்காதே, ஒட்டினால் மறுபடி அங்கேயேதான் உடையும். பெட்டியில் வைத்து வாசலருகே தயாராக வை. எங்கள் ஆள் நேரில் வந்து எடுத்துக்கொள்வார். ஸ்டாண்டையும் மறக்காமல் சேர்த்து வை. சிரித்துக்கொண்டே இரு.' நாலில் அது ஒன்றில்தான் யாராவது யாருக்காவது ஏதாவது செய்கிறார்கள். மூன்றாம் நம்பர் மார்க் குறைந்தவளுக்கும் போகும், அம்மா செத்துப்போனவளுக்கும் போகும். எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, இளம்பெண் எழுதியது போல இருந்தால் போதும்.

இப்போது நிலைமை இன்னும் கேவலம். புது மேலாளர் வந்திருக்கிறார். பேச்செல்லாம் இனிப்பு, அதனால் எங்களுக்கு அவர் சர்க்கரை. வந்த வாரமே 'சீமாட்டியின் குணங்கள்' என்று ஒரு தாளை அடித்துச் சுவரில் ஒட்டினார். சீமாட்டி களைப்படைய மாட்டாள். விருந்துக்குப் போவாள், சாப்பிட மாட்டாள். தெரியாது என்று சொல்ல மாட்டாள், முடியாது என்றும் சொல்ல மாட்டாள். அவளுக்கு வயது கிடையாது. இந்தத் தாளுக்குக் கீழே வரிசையாக நாலு பேர் உட்கார்ந்து எழுதுகிறோம். ஒருத்திக்குச் சர்க்கரை நோய், ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்தி நாலாவது முறையாக அப்பளம் மாதிரி உடைந்த மூக்குக்கண்ணாடியை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், நான் மூட்டுவலி. நாங்கள் நாலு பேரும் சேர்ந்தால் ஒரு சீமாட்டி.

சீமாட்டிக்கு இந்த வருஷத்தோடு நாற்பத்தெட்டு வேலை. விமானம் ஓட்டியிருக்கிறாள், தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள், நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்திருக்கிறாள். தீயணைக்கவும் போயிருக்கிறாள், அதற்கும் குதிகால் செருப்புதான். எந்த வேலைக்கும் அவள் இரண்டாம் நாள் போனதில்லை. சாப்பாட்டு டப்பா கிடையாது, மேலதிகாரி கிடையாது, கழிவறைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, டவர் கிரேன் ஓட்டும் சீமாட்டி கொண்டுவரலாமே, என் மகளே ஓட்டியவள்தான் என்று சொன்னேன். சர்க்கரை மிகவும் ரசித்தார். யோசித்துவிட்டு, ஹெல்மெட் போட்டால் முடி கலைந்துவிடும், அதனால் கிரேனை ரோஸ் நிறத்தில் செய்து, சீமாட்டியைக் கீழே நிறுத்தி, அண்ணாந்து பார்த்துக் கையசைக்கிற மாதிரி வைக்கலாம் என்றார். அப்போது எனக்கு மாப்பிள்ளை ஞாபகம் வந்தது.

அவருக்கு உன்னைப் பிடித்ததே நீ மேலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் என்று கல்யாணத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாரே. நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு பெண், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒற்றை விரலால் இரும்புத் தூணைத் தூக்குகிறாள். இவர் கீழே நின்று வாயைப் பிளந்திருக்கிறார். பிடித்துப்போன பிறகு செய்த முதல் காரியம், உன்னைக் கீழே இறக்கியதுதான். 'ஆறு மாசம் ரெஸ்ட் எடு' என்றாராம். ரெஸ்ட் எடுத்து எடுத்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நான் உங்கள் வீட்டுக்கு வந்த ஒரே முறை எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு, புதுக் குடியிருப்பில் பார்வைக்கு வைத்திருக்கும் மாதிரி வீட்டைச் சுற்றிக்காட்டி விற்கிற வேலை என்பது தெரியும், சொந்த வீட்டையும் மாதிரி வீடாக வைத்திருப்பார் என்று தெரியாது. தட்டில் ஆப்பிள் இருந்தது. எடுத்தேன், பிளாஸ்டிக். கூடத்து அலமாரியில், நீ சின்ன வயதில் வைத்திருந்த சீமாட்டியைக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார், இடுப்பைப் பிடிக்கும் அந்த வெள்ளை ஸ்டாண்டோடு. வந்த நண்பரிடம், 'நம்ம வீட்ல பொம்மை ரெண்டு' என்று அதையும் உன்னையும் மாறி மாறிக் காட்டினார். அந்த ஆளும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

சீமாட்டியின் பக்கத்தில் நிற்க ஒரு துணைவன் இருக்கிறானே, தலைமுடிகூடப் பெயின்ட். இத்தனை வருஷத்தில் அவனுக்கு வந்தவை ஒன்பது கடிதங்கள். அதில் ஒன்று, உன் சட்டையை என் கரடிக்குத் தருவாயா என்று. அவனுக்கும் நான்தான் பதில் எழுதுகிறேன். தருகிறேன் என்று எழுதினேன். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய கட்டுமானத் தளத்தின் மேற்பார்வையாளருக்கு இன்று காலை போன் செய்தேன். உன் லைசென்ஸ் இந்த மாதம் 27ஆம் தேதியோடு காலாவதியாகிறது. அன்றைக்குள் நீ போய் ஓட்டிக் காட்டினால் புதுப்பித்துவிடுவார்கள். தவறினால் மறுபடி முதலிலிருந்து இரண்டு வருஷம் பயிற்சி. லைசென்ஸ் அட்டையை மாப்பிள்ளை 'பத்திரமா இருக்கட்டும்' என்று தன் ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். "அட்டை எதுக்கும்மா, நம்பர் எங்ககிட்ட இருக்கு. ஆள் வந்தா போதும்" என்றார். அவளைப் போலக் கை நிதானம் இங்கே எவனுக்கும் இல்லை என்றும் சொன்னார். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான், தாமதமாக வருகிறது. போய் ஓட்டிக் காட்டு. அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

உன் போனை அவர் தினமும் புரட்டிப் பார்ப்பதால் இதையும் கீழ்வீட்டுப் பல் டாக்டர் அம்மா பெயருக்குத்தான் அனுப்புகிறேன். அந்த அம்மா நூறு வருஷம் இருக்கட்டும். உன் வேர் சிகிச்சை வியாழன்தோறும் நடக்கட்டும். ஒரு பல்லுக்கு எத்தனை தடவை என்று மாப்பிள்ளை கேட்டால், இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வேர் ஆழம் என்று சொல்லச் சொல்.

கறுப்புப் பேனாவால் எழுதியிருக்கிறேன், கவனித்தாயா?

உன் அம்மா

*

15ஆம் தேதி, வெள்ளி

என் வாலுக்கு அம்மா எழுதுவது.

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்தது. பல் டாக்டர் அம்மாவின் உறையில் இல்லை, மாதிரி வீட்டுப் படம் போட்ட பளபளப்பான உறையில். பிரித்தேன். 'அன்பு அம்மா, உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் சில நாள் வானம் மேகமூட்டமாகத்தான் இருக்கும்.' அங்கிருந்து தொடங்கிச் சிரித்துக்கொண்டே இரு என்பது வரை, ஒரு புள்ளி மாறாமல் மூன்றாம் நம்பர்.

குத்திக்காட்டுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சிவப்புப் பேனாவால் சுட்டது போதாதென்று மறுபடி சூடு போடுகிறாள், போடட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் அடியில் வேறு கையெழுத்தில் இருந்ததைப் படித்தேன். 'அத்தை, நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே எவ்வளவு அழகாக எழுதிவிட்டாள் பாருங்கள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நீங்கள்தான் வேலை, லைசென்ஸ் என்று அவளைக் குழப்புகிறீர்கள். இனி போன் செய்யச் சொல்லி யாரையும் தூண்டிவிட வேண்டாம்.'

மேற்பார்வையாளருக்கு உடனே போன் செய்தேன். அந்த மனிதர் நல்லது செய்வதாக நினைத்து, போன வெள்ளிக்கிழமை நேராக உன் வீட்டுக்கே போன் செய்திருக்கிறார். எடுத்தது நீ இல்லை. "அவங்க இனிமே வேலைக்கு வர்றதா இல்லைங்க" என்று மிக மரியாதையாகப் பதில் வந்ததாம். என் அவசரபுத்தியால் வந்த வினை. உன்னை மேஜை முன் உட்கார வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மாவுக்கு எழுது என்றிருக்கிறார். என்னை மன்னித்துவிடு.

ஆனால் நீ எழுதினாயே, அதை நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, கைதட்டவும் தோன்றுகிறது. மூன்றாம் நம்பர் யாருக்குப் போகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துக்கத்தில் இருக்கிறேன் என்று அந்த ஆள் கண் எதிரிலேயே எனக்கு எழுதிவிட்டாய். அதைப் படித்து ரசித்து, பாராட்டும் எழுதி, தபால்தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த எழுதியதைப் பார்த்து, ஆகா, என் பெண்டாட்டியின் மனசு என்று உருகுகிறார். நீ எதை எழுதினாலும் அவருக்கு இதுதான் தெரிந்திருக்கும். இனி அவரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

இங்கேயும் ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன். போன வாரம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள். 'சீமாட்டி, நீ ஏன் நிற்க மாட்டேன் என்கிறாய்? நிறுத்தினால் விழுகிறாய். நான் காலையிலிருந்து உன்னைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குக் கை வலிக்கிறது. நான் சரியாகப் பிடிக்கவில்லையா?' இதற்கு இரண்டு வரிப் பதில் உண்டு, ஸ்டாண்டு தனியாகக் கிடைக்கும், வீட்டில் கேட்டு வாங்கிக்கொள் என்று. பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. உன் சிவப்பு வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. கறுப்புப் பேனாவை எடுத்து எழுதினேன். 'உன் மேல் தப்பே இல்லை. என் பாதத்தை நுனிக்காலில் நிற்கிற மாதிரி வார்த்திருக்கிறார்கள். குதிகால் செருப்பு போட வேண்டும் என்பதற்காகக் காலையே அப்படிச் செய்துவிட்டார்கள். யார் பிடித்தாலும் நான் விழுவேன். என்னைக் கீழே போட்டுவிட்டு நீ போய் ஓடி விளையாடு. உன் பாதம் தட்டையாக, நன்றாக இருக்கிறது.'

அந்தச் சிறுமியின் தாய் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக் கம்பெனிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டாள். திட்டி எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன், திட்டும் கடிதங்களைச் சர்க்கரை படிப்பதில்லை. கூப்பிட்டார். இருபத்து மூன்று வருஷ அனுபவம் உள்ளவங்க இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். எது பொய் என்று கேட்டேன். "பொய்னு நான் சொல்லலையே மேடம், சீமாட்டி பேசுற மாதிரி இல்லைன்னுதான் சொல்றேன்" என்றார். சீமாட்டி பேசி நான் கேட்டதில்லை என்றேன். இனிப்பு கரைந்துவிட்டது. இப்போது ஒரு மாதம் கீழே பெட்டி கட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்.

தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார். உண்மையில் நான் அங்கே போய்த்தான் அந்தப் பொம்மையை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அட்டையில் அவளை நிறுத்திப் பின்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் கட்டுகிறோம், பதினோரு இடத்தில். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், முடிக்குக்கூட இரண்டு. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு கம்பியும் தெரியாது, ஒய்யாரமாக நிற்பது போலத்தான் இருக்கும். வாங்கிப் பிரிப்பவர்கள் எல்லாரும் கண்ணில் முதலில் படும் கழுத்துக் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது மற்றதெல்லாம் இறுகிவிடும். பெட்டி கட்டும் பெண்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அட்டையைத் திருப்பி, இடுப்புக் கம்பியை முதலில் எடுப்பார்கள். மீதி தானாகத் தளரும்.

அதனால் சொல்கிறேன், நீ கழுத்தைப் பிடிக்காதே. அவனோடு சண்டை போடாதே, நியாயம் பேசாதே, உடை விஷயத்தை எடுக்காதே. அடுத்த பத்து நாளும் கட்டில்மேல் வைத்ததை உடுத்து, போட்டோ அனுப்பு. 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் உன் வாசலில் நிற்பேன். அந்நேரம் அவன் யாருக்காவது மாதிரி வீட்டின் சமையலறையைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பான். மறுநாள் நீ கிரேன் ஏறுகிறாய். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன், வீட்டுக்குப் போன் செய்தால் கிரேனிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடுவேன் என்றும் சொல்லிவிட்டேன்.

வியாழன்வரை வைத்திருக்காமல், அவன் இல்லாத நேரத்தில் இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லி டாக்டர் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்று. கூடத்து அலமாரியில் நிற்கும் சீமாட்டியின் வலது கையை இடப்பக்கமாக ஒரு திருகு திருகி இழு, கழன்று வந்துவிடும். துடைக்கும்போது உடைந்துவிட்டது என்று அவனிடம் நீயே சொல்லி வருத்தப்படு. வருகிற புதன்கிழமை நான் உங்கள் வீட்டு முகவரிக்கே ஒரு கடிதம் எழுதுவேன், ஊதாப் பேனாவால். அவன் பிரித்துப் படிப்பான், படிக்கட்டும், அவனுக்காகத்தான் எழுதுகிறேன். அதில் இரண்டாம் நம்பர் இருக்கும். வாசலருகே ஒரு பெட்டி தயாராக இருப்பதைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம் வராது. நான் எடுத்துப்போக வருவது எதை என்று உனக்குத் தெரியும். நீ உடைந்துபோகவில்லை என்பதும் எனக்குத் தெரியும், கம்பெனிக் கடிதத்தில் உடைந்துவிட்டது என்றுதான் இருக்கிறது, என்ன செய்ய.

அதிகம் எடுக்காதே. உன் சான்றிதழ்கள், தட்டைச் செருப்பு, அந்தப் பழைய மஞ்சள் ஹெல்மெட் இன்னும் இருந்தால் அது. அவன் வாங்கிய எதுவும் வேண்டாம். தோட்டைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிடு, அவன் எடுத்து வைத்த மாதிரியே.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளரின் பொருளை நேரில் சென்று எடுத்துவருதல்' என்று எழுதினேன். இருபத்து மூன்று வருஷமாக எங்கள் ஆள் வருவார், எங்கள் ஆள் வருவார் என்று பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். அப்படி ஓர் ஆள் கம்பெனியில் கிடையவே கிடையாது. இந்த முறையாவது அது உண்மையாகட்டும்.

இதைப் படித்ததும் பல் டாக்டர் அம்மாவிடமே கொடுத்துக் கிழித்துப் போடச் சொல். அவரிடம் நான் வருவதைச் சொல்லிவிடு, பதினொன்றிலிருந்து வாசலில் ஒரு கண் வைத்திருக்கட்டும். பயமாக இருந்தால் பயப்படு. பயந்துகொண்டேதானே முதல் நாள் அந்த ஏணியில் ஏறினாய்? இறங்கி வந்து நீதான் சொன்னாய்.

உன் அம்மா

*

20ஆம் தேதி, புதன்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கும் மகளுக்கும் அம்மா எழுதுவது.

நீங்கள் இருவரும் அழகான வீட்டில் அழகாக இருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ச்சி. மாப்பிள்ளை சென்ற கடிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் தேவையில்லாமல் குழப்பிவிட்டேன். இனி யாரும் போன் செய்ய மாட்டார்கள். மகள் எழுதிய கடிதத்தை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். இவ்வளவு தேர்ந்த நடையைக் கண்டதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அதன் அருமை தெரிந்து பாராட்டத் தெரிந்த மாப்பிள்ளை கிடைத்ததைப் பற்றியும் நிறையப் பேசிக்கொண்டோம்.

இங்கே எல்லாரும் சுகம். வெயில் இல்லை, மழை இல்லை. மூட்டுவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற முடிகிறது.

அலமாரியில் இருக்கும் சீமாட்டிக்குக் கை கழன்றுவிட்டதாக எனக்குத் தகவல் வந்தது. மாப்பிள்ளை அதை எவ்வளவு ஆசையாகப் பார்வைக்கு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கவலைப்பட வேண்டாம். எங்கள் கம்பெனியில் இதற்கென்று ஏற்பாடு இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எந்தச் சிரமமும் கிடையாது, அவர் வீட்டில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 26ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு வருவார்கள். நான் இங்கே வழக்கமாக எழுதுவதையே எழுதிவிடுகிறேன்.

உடைந்துவிட்டதே என்று அழாதே. நீயே ஒட்டிப் பார்க்காதே, ஒட்டினால் மறுபடி அங்கேயேதான் உடையும். பெட்டியில் வைத்து வாசலருகே தயாராக வை. எங்கள் ஆள் நேரில் வந்து எடுத்துக்கொள்வார்.

ஸ்டாண்டு வேண்டாம், மகளே. அதை அங்கேயே விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா